பதிலுக்கு நின்றவள்

வளைகுடா நாட்டில், முவைலாவில் இருந்த அந்த இந்தியப் பள்ளிக்கூடத்தில் மற்ற பஸ்கள் வந்து நின்றால் பிள்ளைகளின் கூச்சல் கேட்கும். ஏழாம் நம்பர் பஸ் வந்து நின்றால் ஆயாவின் கூச்சல் கேட்கும். வசந்தகுமாரி அப்படிப்பட்ட ஆயா. மெரூன் நிறக் கோட்டு, அதே நிறத்தில் தலைக்குத் துணி, காலில் பள்ளிக்கூடம் கொடுத்த கறுப்பு ஷூ. பிள்ளைகளை ஏற்றி, எண்ணி, பெல்ட் போட்டு உட்கார வைத்து, வாந்தி எடுத்தால் துடைத்து, வீட்டு வாசலில் தாயிடமோ வேலைக்காரியிடமோ கையில் பிடித்துக் கொடுப்பது வரை அவள் பொறுப்பு.

"ஆன்ட்டி, ஹீ இஸ் புஷிங் மீ!"

"அவன் தள்ளுனா நீ ஏன்டா விழுற? தெனம் நெய்ச்சோறு தின்குற ஒடம்பு, ஒரு தள்ளு தாங்காதாக்கும். சிட், சிட்."

அந்தப் பிள்ளைகளில் பாதிக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் உட்கார்ந்துவிடும். டிரைவர் பெஷாவர்க்காரர் குல் கான், கண்ணாடியில் பார்த்துச் சிரித்துக்கொண்டே வண்டியை எடுப்பார்.

வசந்தகுமாரி பரமக்குடிப் பக்கத்துக்காரி. புருஷன் இருக்கிறாரா என்று யாராவது கேட்டால், "இருக்காரு, கோயமுத்தூர்ல, இன்னொருத்தியோட நல்லா இருக்காரு," என்று ரயில் நேரம் சொல்வதுபோலச் சொல்வாள். ஒரே மகள் தாமரை, விடுதியில் தங்கி டீச்சர் டிரெய்னிங் படித்துக்கொண்டிருந்தாள். முதலில் அஜ்மானில் ஒரு அரபி வீட்டுக்கு வேலைக்கு வந்து, விசா கொடுத்த முதலாளியான அந்தக் கபீலிடம் சண்டை போட்டு, வேறு வேலைக்கு மாற ரிலீஸ் வாங்கி, இந்தப் பள்ளிக்கூடத்துக்கு மாறியவள். கபீலிடம் சண்டை போட்டு ரிலீஸ் வாங்கியவள் என்பதே அந்த லேடீஸ் குவார்ட்டர்ஸில் ஒரு பட்டம் மாதிரி. மேனேஜரிடம் லீவு கேட்க வேண்டுமா, வாட்ச்மேனைத் திட்ட வேண்டுமா, கடைக்காரன் அழுகிய தக்காளியைத் தலையில் கட்டிவிட்டானா, எல்லாவற்றுக்கும் "வசந்தாக்காவக் கூப்பிடு" என்பார்கள்.

அப்பேர்ப்பட்டவள் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் அடங்குவாள். மெடிக்கல்.

அதற்குக் காரணம் வீரம்மாள். அருப்புக்கோட்டைக்காரி, வசந்தகுமாரியின் அறையிலேயே கீழ்க்கட்டிலில் படுத்திருந்தவள். விசா புதுப்பிக்க மெடிக்கலுக்குப் போன காலையில் தோசைக்கு மாவு ஆட்டி வாளியில் ஊற்றி மூடி வைத்துவிட்டு, "வந்து உப்புப் போடுறேன், எவளும் தொட்டுறாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனாள். போனவள் திரும்பவில்லை. எக்ஸ்ரேயில் நெஞ்சில் நிழல் இருந்ததாம், பழைய டி.பி.யின் தழும்பாம், அங்கிருந்தே ஊருக்கு அனுப்பிவிட்டார்களாம். ஆயாக்களுக்குப் பொறுப்பாளரான காயல்பட்டினத்து ஷம்சியா மட்டும் மூன்றாம் நாள் வந்து, "அவ சாமான எல்லாம் ஒரு பெட்டில கட்டுங்கம்மா," என்றார். அதற்குள் மாவு புளித்துப் பொங்கி, வாளி மூடியைத் தள்ளிக்கொண்டு தரையெல்லாம் வழிந்து கிடந்தது. அந்த மாவில் தோசை ஊற்ற யாருக்கும் மனசு வரவில்லை. கொட்டவும் மனசு வரவில்லை. கடைசியில் வசந்தகுமாரிதான் கொட்டினாள். அன்றிலிருந்து அந்தக் குவார்ட்டர்ஸில் தலைவலி என்றால் பனடால், முதுகுவலி என்றால் தைலம். ஆஸ்பத்திரி வாசலை யாரும் மிதிப்பதில்லை. ஒரு படம் எடுத்தால் போதும், ஊருக்கு டிக்கெட் எடுத்த மாதிரிதான் என்பது அவர்கள் முடிவு.

அது 2008. நோன்புப் பெருநாள் முடிந்த சமயம். ஷம்சியா எல்லா ஆயாக்களையும் சாப்பாட்டு அறைக்குக் கூப்பிட்டார்.

"கவர்மெண்டுலேர்ந்து வேன் வருதும்மா. லேடீஸுக்கு மட்டும். நெஞ்சுல கட்டி கிட்டி இருக்கான்னு படம் எடுத்துப் பாப்பாங்க. நாப்பது தாண்டுன எல்லாரும் போகணும். வெளிநாட்டு ஆளு, உள்நாட்டு ஆளுங்கிற கணக்கே இல்ல. எல்லாம் ஃப்ரீ."

ஃப்ரீ என்ற சொல்தான் எல்லோரையும் பயமுறுத்தியது.

"கட்டி இருந்தா என்னா பண்ணுவாங்க?" என்றாள் வசந்தகுமாரி.

"வைத்தியம் பண்ணுவாங்க."

"இங்கயா, ஊர்லயா?"

ஷம்சியாவுக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை. அந்த ஒரு நொடித் தயக்கம் போதுமானதாக இருந்தது. கூட்டம் அதற்குமேல் எதையும் கேட்கவில்லை.

"இன்னொன்னு," என்றார் ஷம்சியா. "யாருக்காவது அம்மாவுக்கோ, கூடப்பிறந்தவங்களுக்கோ இந்த நோய் இருந்துச்சா? அவங்களுக்கு வரதுக்கு வாய்ப்பு ஜாஸ்தியாம். அவங்க படத்ததான் டாக்டருங்க முதல்ல பாப்பாங்களாம். மத்தவங்களுது பின்னாடிதான்."

"என்ரை அம்மாவுக்கு..." என்று பின்வரிசையில் ஒரு குரல் எழுந்து அப்படியே அடங்கியது. சொல்லி முடிப்பதற்குள் சொன்னவளே வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் ஷம்சியா கேட்டுவிட்டார்.

அவள் சுகந்தா. யாழ்ப்பாணத்துக்காரி, பன்னிரண்டாம் நம்பர் பஸ் ஆயா, வசந்தகுமாரியை விட ஐந்தாறு வயது இளையவள். ஊரில் சண்டை மும்முரமாக இருந்த காலம். தம்பி குடும்பம் வன்னிக்குள் மாட்டிக்கொண்டிருந்தது; பல வாரங்களாகச் சேதி இல்லை. தினமும் டூட்டி முடிந்து வந்ததும் அதே நம்பருக்குப் போன் போட்டு, மணி அடிக்காத சத்தத்தைக் கேட்டுவிட்டுத்தான் சட்டை மாற்றுவாள். வீரம்மாள் போனபிறகு அந்தக் கீழ்க்கட்டில் சுகந்தாவுக்கு வந்திருந்தது.

அன்று சாயங்காலம் சமையலறையில் வசந்தகுமாரி கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். சுகந்தா வந்து அடுப்புப் பக்கம் நின்றாள். நின்றவள் நின்றபடியே இருந்தாள்.

"என்னத்தா, கத்திரிக்காய்க்குக் காவலா?"

"அக்கா, எனக்குப் பயமாக் கிடக்கு. என்ரை அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்திருந்தா? அவையள் கண்டுபிடிச்சா விசாவை வெட்டிப் போடுவினம். இப்ப நான் எங்கை போறது? கொழும்பிலை இறங்கினா என்னை விடுவினமோ எண்டே தெரியாது."

"அப்ப போகாத."

"போகாட்டி ஏன் வரேல்லை எண்டு கேப்பினம். நான் வாயைத் திறந்து சொல்லிப்போட்டன், அக்கா. பேரை முதலாவதாப் போட்டிட்டினம்."

வசந்தகுமாரி கத்தியை வைத்தாள். கபீலிடம் ரிலீஸ் வாங்கிய மூளை வேலை செய்ய ஆரம்பித்தது. ஒற்றைப்படை நம்பர் பஸ் ஆயாக்கள் முதல் நாள், இரட்டைப்படை மறுநாள். தான் முதல் நாள். சுகந்தா மறுநாள். போட்டிருப்பது ஒரே கோட்டு, தலையில் ஒரே துணி. ஹெல்த் கார்டில் இருக்கும் போட்டோவோ பழசு. அதைப் பார்த்துச் சுகந்தாவின் தாயே அவளை அடையாளம் கண்டிருக்க மாட்டாள்.

"ஒன் கார்டக் குடு," என்றாள்.

"ஏன்?"

"ரெண்டாவது நாளும் நானே போறேன். எங்க வம்சத்துலயே நெஞ்சு நோயின்னு எவளும் படுத்தது கெடயாது. எங்காத்தா எழுபது வயசுல இன்னம் வெறகு பொளக்குது. எனக்கு ஒன்னும் இருக்காது. எனக்கு இல்லைன்னா ஒனக்கும் இல்லைன்னு எழுதிக்குவாங்க. கலாஸ். ஒங்காத்தா கத அதோட முடிஞ்சுது."

சுகந்தா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். வசந்தகுமாரிக்கு உள்ளூரப் பெருமைதான். மறுக்க முடியாது.

வேன் பள்ளிக்கூட மைதானத்தில் வந்து நின்றது. பெரிய வேன், உள்ளே குளிர். முதல் நாள் வசந்தகுமாரி வசந்தகுமாரியாகவே ஏறினாள். படம் எடுக்கிற பிலிப்பைன்ஸ் பெண், மார்பைத் தூக்கிக் கண்ணாடிப் பலகைமேல் வைத்து, மேலிருந்து இன்னொரு பலகையை இறக்கினாள். சப்பாத்தி மாவை அமுக்குகிற மாதிரி அமுக்கியது. வசந்தகுமாரி தன் ஆயுளில் யாரிடமும் சொல்லாத ஒரு கெட்ட வார்த்தையை முருகன் பேரோடு சேர்த்துச் சொன்னாள். ஒரு பக்கம் இரண்டு தடவை, மறுபக்கம் இரண்டு தடவை.

மறுநாள் வலி தீர்வதற்குள் சுகந்தாவாக மறுபடி ஏறினாள். நல்ல வேளை, அன்று வேறு பெண்.

"யுவர் மதர் ஹேட் கேன்சர்?"

"எஸ்."

"ஷீ இஸ் அலைவ்?"

ஊரில் விறகு பிளந்துகொண்டிருந்த தன் அம்மாவை வசந்தகுமாரி அந்த வேனுக்குள் சாகடித்தாள். "நோ. டெட்." சொல்லிவிட்டு உள்ளுக்குள் மூன்று முறை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"டோன்ட் பி ஸ்கேர்ட். ஃபர்ஸ்ட் டைம்?"

"ஃபர்ஸ்ட் டைம்," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

அப்புறம் எல்லோரும் அதை மறந்தார்கள். குளிர் காற்று வந்தது, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழா வந்தது, பிள்ளைகளுக்குச் சளி வந்தது. படம் எடுத்துக்கொண்டவர்களில் ஒருவரையும் யாரும் பிடித்துக்கொண்டு போகவில்லை. வசந்தகுமாரி தன் சாமர்த்தியத்தைத் தானே மெச்சிக்கொண்டு, அதைக்கூட வெளியே சொல்ல முடியாத வருத்தத்தில் இருந்தாள்.

ஒரு வியாழக்கிழமை, மதிய டூட்டி முடிந்து இருவரும் அறைக்கு வந்த நேரம். மறுநாள் விடுமுறை என்ற நினைப்பில் வசந்தகுமாரி கட்டிலில் காலை நீட்டி, ஷூ அழுத்திய விரல்களைப் பிசைந்துகொண்டிருந்தாள். சுகந்தாவின் போன் அடித்தது. அடிக்கிற போனை அவள் எப்போதும் பாய்ந்துதான் எடுப்பாள், தம்பியாக இருக்குமோ என்று. எடுத்தாள். "ஹலோ" என்றாள். பிறகு "எஸ்" என்றாள். போனைக் காதிலிருந்து எடுத்து மடியில் வைத்தாள்.

"யாரு?"

"ஆஸ்பத்திரி."

வசந்தகுமாரி எழுந்து உட்கார்ந்தாள்.

"இடப்பக்கத்துப் படத்திலை என்னவோ கிடக்காம். ஞாயித்துக்கிழமை வரட்டாம். ஊசி குத்திச் சதை எடுத்துப் பாக்கவேணுமாம். பயப்பிட வேண்டாமாம்." இதைச் சுகந்தா வேறு யாருடைய செய்தியையோ சொல்வதுபோலச் சொன்னாள். அதன்பிறகு தலைத்துணியை இழுத்துப் போட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து நெஞ்சில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தாள். "வந்திட்டுது அக்கா! அம்மாவுக்கு வந்த அதே நாசம் எனக்கும் வந்திட்டுது. அவ புண் நாறிக் கிடந்து செத்ததை இந்தக் கண்ணாலை பாத்தனான். நானும் அப்பிடித்தான் சாகப்போறன். ஐயோ, தம்பியின்ரை முகத்தைக்கூடப் பாக்காமல் சாகப்போறன்..."

பக்கத்து அறைப் பெண்கள் வந்துவிடுவார்களே என்று வசந்தகுமாரி ஓடிக் கதவைச் சாத்தினாள். வந்து அவளைக் கட்டிப்பிடித்தாள். தண்ணீர் கொடுத்தாள், குடிக்கவில்லை. முதுகைத் தடவினாள். "ஒன்னும் ஆகாது. இந்தக் காலத்துல எல்லாத்துக்கும் மருந்து இருக்கு. நான் வரேன் ஒங்கூட. எவன் ஒன்னய ஊருக்கு அனுப்புறான்னு நான் பாக்குறேன்," என்று தன் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனாள். சுகந்தா கேட்கிற நிலையில் இல்லை. இடது மார்பைக் கையால் பிடித்துக்கொண்டு, "இஞ்சைதான் அக்கா, இஞ்சைதான் நோகுது, முந்தியே நோகிறது, நான் கவனிக்கேல்லை," என்று கதறினாள். உண்மையாகவே அவளுக்கு அங்கே வலித்தது.

வசந்தகுமாரிக்கு எரிச்சலே வந்துவிட்டது. சிரிப்பும் வந்தது.

"அடி கூறுகெட்டவளே! ஒனக்கு எங்கடி நோகுது? அந்த வேன்ல நீ எங்கடி நின்ன? நீ பஸ் ஷெட்டுல ஒளிஞ்சு ஒக்காந்து பன்னு தின்னுக்கிட்டிருந்த. அந்தப் படத்துல இருக்கது ஒன் நெஞ்சா? கண்ணத் தொடச்சுக்க. அது நீ இல்லடி. அங்க நின்னது நான்..."

சொல்லிக்கொண்டிருந்த வாய் திறந்தபடியே நின்றது.

சுகந்தாவின் அழுகை, கையால் பிடித்து நிறுத்தியதுபோல நின்றது. நிமிர்ந்து பார்த்தாள். அவள் முகத்தில் ஒரு கணம், ஒரே ஒரு கணம், உயிர் வந்தது. தனக்கு இல்லை. உடனே அது வெளிறியது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அக்கா," என்றாள் சுகந்தா.

வசந்தகுமாரியின் கை இன்னும் அவள் முதுகில்தான் இருந்தது. அதை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மரத்துப்போன கைபோல அது கிடந்தது. பிறகு எழுந்து, "சோறு வைக்கணும்," என்று சொல்லிவிட்டுச் சமையலறைக்குப் போனாள். அரிசி களைந்தாள். களைந்த தண்ணீரை ஊற்றிவிட்டு மறுபடி களைந்தாள். எத்தனை முறை களைந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அரிசி நொய்யாகிப்போனது.

குளியலறையில் இடது மார்பைத் தொட்டுப் பார்த்தாள். இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. வலதையும் தொட்டுப் பார்த்தாள். அதுவும் அப்படித்தான் இருந்தது.

மறுநாள் அவள் ஒரு முடிவோடு எழுந்தாள்.

"இந்தா பாரு சுகந்தா. ஒரே ஒடம்பு, ரெண்டு படம். ஒன் பேருல எடுத்ததுக்குக் கூப்புட்டாங்க. என் பேருல எடுத்ததுக்குக் கூப்புடலையே? அது நல்லாருக்குன்னுதான அர்த்தம்? ஒன் படந்தான் எதோ ஆடிப்போயிருக்கு. ரெண்டாவது நாளு நான் அசஞ்சேன், வலி பொறுக்காம."

"உங்கடை படத்தை இன்னும் பாத்திருக்க மாட்டினம், அக்கா. அம்மாவுக்கு வந்த ஆக்களின்ரை படத்தைத்தான் முதல் பாப்பினம் எண்டு ஷம்சியா மேடம் சொன்னவ."

"பாத்துட்டுக் கூப்புடட்டும். கூப்புட்டா என் பேருலயே போறேன். இப்ப போனா என்னான்னு போறது? ஒன் பேருல போயி ஊசி குத்திக்கிட்டா, நாளைக்கி ஒனக்கு நோயின்னு எழுதி ஒன்னய ஏத்தி அனுப்புவாங்க. என் பேருல போனா, நீ ஏன் அவ கார்டுல வந்தன்னு ரெண்டு பேரையும் ஏத்தி அனுப்புவாங்க. சும்மா கெட."

ஞாயிற்றுக்கிழமை யாரும் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து மறுபடி போன் வந்தது; சுகந்தா காய்ச்சல் என்று சொல்லி வைத்தாள். இன்னொரு முறை வந்தது, எடுக்கவே இல்லை. வசந்தகுமாரியின் போன் அடிக்கவில்லை. அவள் அதைக் கோட்டுப் பையில், இடப்பக்கம் வைத்திருப்பாள். இப்போது வலப்பக்கம் மாற்றிக்கொண்டாள். அடிக்காத ஒவ்வொரு நாளையும் தனக்குச் சாதகமாக எண்ணிக்கொண்டாள்.

ஆனால் பஸ்ஸில் அவள் குரல் போயிருந்தது. பிள்ளைகள் கத்தின, ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. அவள் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நாள் ஒரு பிள்ளையை அதன் வாசலில் இறக்க மறந்து, வண்டி அடுத்த தெருவுக்குப் போய்விட்டது. குல் கான் வண்டியை ஓரம் கட்டித் திரும்பிப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். "க்யா ஹுவா, பெஹன்? தபியத் டீக் நஹீன்?"

"டீக் ஹை, பாய். யல்லா, சலோ," என்றாள். வண்டி திரும்பி வாசலுக்குப் போகிற வரைக்கும் அவள் அந்தப் பிள்ளையின் கையை விடவில்லை.

அன்று அறைக்கு வந்தபோது சுகந்தா வெளியே கிளம்புகிற உடுப்பில் நின்றாள். வசந்தகுமாரியின் ஹெல்த் கார்டையும் தன் கார்டையும் கையில் வைத்திருந்தாள்.

"எங்க கெளம்பிட்ட?"

"நாளைக்குக் காலமை ஆஸ்பத்திரிக்கு. இப்ப ஷம்சியா மேடத்திட்டைப் போறன், ரெண்டு பேருக்கும் லீவு கேக்க."

"பைத்தியமா ஒனக்கு?"

"ஓம்." சுகந்தாவின் குரல் நடுங்கினாலும் நிற்கவில்லை. "என்ரை அம்மாவும் இப்பிடித்தான் அக்கா. பாப்பம், பாப்பம் எண்டே இருந்தவ. சண்டை நிக்கட்டும் பாப்பம், பாதை திறக்கட்டும் பாப்பம். அங்கை டாக்டரும் இல்லை, படமும் இல்லை, கூப்பிட ஆளும் இல்லை. உங்களைப் போன் அடிச்சுக் கூப்பிடுகினம். நீங்கள் போனை இந்தப் பொக்கற்றிலையிருந்து அந்தப் பொக்கற்றுக்கு மாத்திக்கொண்டு திரியிறியள்."

"ஒன்னய அனுப்பிருவாங்கடி. தம்பி..."

"அனுப்பட்டும்." அதைச் சொன்னபோது அவள் வாய் கோணியது. "நான் பயந்ததாலை நீங்கள் நிண்டனியள். நானே போய்ச் சொல்லுறன். நீங்கள் வாயைத் திறக்கவேண்டாம். சும்மா பக்கத்திலை நில்லுங்கோ."

இத்தனை வருஷத்தில் அந்தக் குவார்ட்டர்ஸில் வசந்தகுமாரியிடம் யாரும் வாயைத் திறக்க வேண்டாம் என்று சொன்னதில்லை. அவள் கட்டிலில் உட்கார்ந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஜலஜாவிடம் அனுப்பினார்கள். மலையாளி, நடுவயசு, மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் மாட்டியிருந்தார். "சுகந்தா ஆரு? எத்ர தடவ விளிச்சு! போன் எடுக்கான் எந்தா இத்ர மடி?" என்று, போன் எடுக்காத சோம்பலைக் கடிந்துகொள்ள ஆரம்பித்தவர், இரண்டு பேர் உள்ளே வந்து இரண்டு பேருமே உட்காராமல் நிற்பதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"சிஸ்டர்," என்றாள் சுகந்தா, "அந்தப் படம் என்ரை இல்லை. இவவின்ரை. ரெண்டு நாளும் இவதான் வந்து நிண்டவ."

ஜலஜா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒருத்தியைப் பார்த்தார், அடுத்தவளைப் பார்த்தார்.

"ரெண்டு நாளும் நிங்கள் தன்னே நின்னதா?"

வசந்தகுமாரி தலையாட்டினாள்.

"எதுக்கு?"

"மெடிக்கலு..." என்றாள். "விசா வெட்டிருவாங்கன்னு. எங்க ரூமுல ஒருத்தி, வீரம்மான்னு, காலைல போனவ..." பொங்கி வழிந்த மாவு எதற்கோ கண்முன் வந்தது.

ஜலஜா பேனாவைக் கீழே வைத்தார். "சேச்சி, இது அந்த மெடிக்கல் இல்ல. அது வேற ஆபீஸ், வேற டாக்டர். அது ஒருத்தர்கிட்டேந்து ஒருத்தருக்குப் பரவுற நோயத் தேடுறது. இது பரவாது. இங்க யாரும் உங்க பாஸ்போர்ட்டக் கேக்கலையே, கேட்டாங்களா?"

கேட்கவில்லை. இப்போதுதான் வசந்தகுமாரிக்கு அது உறைத்தது. வேனில் கார்டு கேட்டார்கள், அம்மாவைப் பற்றிக் கேட்டார்கள், வலிக்கிறதா என்று கேட்டார்கள். பாஸ்போர்ட்டை யாரும் கேட்கவில்லை.

ஜலஜா அடுத்ததாகச் சொன்னதை வசந்தகுமாரி எதிர்பார்க்கவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். அவர் மெதுவாகச் சொன்னார். "உங்க படத்துல ஒன்னுமே இல்லாம இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும் தெரியுமா? இந்தப் பொண்ணுக்கு ஒன்னும் இல்லைன்னு நாங்க எழுதி அனுப்பியிருப்போம். அம்மா செத்த பொண்ணு. இவளத் தேடித்தான் வேனே வந்தது. இவ நெஞ்சுல கட்டி வளந்துக்கிட்டு இருந்தாலும், எனக்கு ஒன்னும் இல்லைன்னு நிம்மதியா இருந்திருப்பா."

வசந்தகுமாரி நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள். தன் மார்பில் என்னவோ இருக்கிறது என்று கேட்டபோதுகூட அவளுக்கு இவ்வளவு பயம் வரவில்லை. 'எனக்கு இல்லைன்னா ஒனக்கும் இல்லை.' கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டே எவ்வளவு லேசாகச் சொன்னோம். தனக்குக் கட்டி இல்லாமல் போயிருந்தால், இந்தப் பிள்ளையைத் தன் கையாலேயே கொன்றிருப்போம். அதுவும் பெருமையோடு.

சுகந்தாவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அவள் வசந்தகுமாரியின் தோளில் கை வைத்தாள்.

ஜலஜா மளமளவென்று காரியத்தில் இறங்கினார். இரண்டு கார்டுகளையும் வாங்கிக்கொண்டார். சுகந்தாவை உள்ளே படம் எடுக்க அனுப்பினார். "நிங்கள் இவிட இரிக்கு. நிங்களுடைய முதல் படம் மத்ததோட கிடக்கு, அதத் தேடி எடுத்து டாக்டர உடனே பாக்கச் சொல்றேன்," என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

வசந்தகுமாரி தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு அரபிக் கிழவி அபாயாவுக்குள்ளிருந்து பேரீச்சம்பழம் எடுத்துத் தின்றுகொண்டிருந்தாள். ஒன்றை வசந்தகுமாரியிடம் நீட்டினாள். அவளும் அங்கே அதற்காகத்தான் வந்திருந்தாள் போலிருக்கிறது. வசந்தகுமாரி வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். இந்தப் பெஞ்சில் கபீலும் தொழிலாளியும் ஒன்றாகத்தான் உட்கார வேண்டும் போல என்று தோன்றியது. அதற்குள்ளும் மனம், அடிக்காத போனைப் பற்றிக்கொண்டிருந்தது. என் பேரில் எடுத்த படம் நன்றாக இருக்கும். இன்னும் ஒரு வழி இருக்கிறது. ஆடிப்போன படம்தான் அது.

பேரீச்சங்கொட்டை வாயில் இருக்கும்போதே கோட்டின் வலப்பக்கப் பையில் போன் அடித்தது.

"மிஸ் வசந்தகுமாரி? ஐ ஆம் காலிங் ஃப்ரம் தி ஹாஸ்பிட்டல், மேடம்." சின்னப் பெண்ணின் குரல். ஜலஜா மாடியில் படத்தை எடுத்துக் கொடுக்க, டாக்டர் பார்த்து அழைக்கச் சொல்லியிருக்க வேண்டும். கூப்பிட வேண்டிய ஆள் கீழே பெஞ்சில் இருப்பது போனில் பேசுகிற பெண்ணுக்குத் தெரியாது. வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள். "யுவர் லெஃப்ட் சைட் பிக்சர், மேடம். வீ நீட் டு செக் அகெய்ன். ப்ளீஸ் டோன்ட் பி அஃப்ரெய்ட்."

சுகந்தாவிடம் சொன்ன அதே சொற்கள். இடப்பக்கம். மறுபடி பார்க்க வேண்டும். பயப்பட வேண்டாம்.

"எப்போ வர முடியும், மேடம்?"

வசந்தகுமாரி கொட்டையைக் கையில் துப்பினாள். "ஐ கேம்," என்றாள். "டவுன். ஐ ஆம் சிட்டிங் டவுன்."

அந்தப் பக்கம் குழம்பிப்போன பெண், "சாரி, மேடம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். வசந்தகுமாரி போனை அணைத்து, இந்த முறை இடப்பக்கப் பையில் போட்டாள்.

சுகந்தாவின் படத்தில் ஒன்றும் இல்லை என்று பிறகு தெரிந்தது. ஆனாலும் வருஷா வருஷம் வர வேண்டும் என்றார்கள், அவள் போனாள். வசந்தகுமாரியின் கட்டி சின்னதாக இருக்கும்போதே பிடிபட்டது. ஆபரேஷன் ஆகி, தலைமுடி கொட்டி, பஸ்ஸில் அவள் தலைத்துணி நெற்றி வரை இறங்கியிருந்த மாதங்களில், அவளை யாரும் விமானத்தில் ஏற்றவில்லை. மேனேஜர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதோடு சரி. அந்த விஷயமெல்லாம் பின்னால் வந்தது.

அன்று அந்தப் பெஞ்சில் அவளுக்கு அது எதுவும் தெரியாது. கொட்டையை எங்கே போடுவது என்று தெரியாமல் கையில் மூடி வைத்திருந்தாள். கதவைத் திறந்துகொண்டு சுகந்தா வெளியே வந்தாள். கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டே, முகத்தைச் சுளித்துக்கொண்டே வந்தாள்.

"அக்கா! இப்பிடி நோகும் எண்டு நீங்கள் சொல்லவே இல்லையே!"

வசந்தகுமாரி அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ ஒரு தடவத்தான்டி," என்றாள். "நான் ஒனக்கும் சேத்து ரெண்டு தடவ." சிரிக்கத்தான் நினைத்தாள். பாதியில் அது வேறெதுவாகவோ மாறிவிட்டது. சுகந்தா பக்கத்தில் உட்கார்ந்து, அந்த மூடிய கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"போன் வந்துச்சு," என்றாள் வசந்தகுமாரி.